முதலில் நிறுத்து, அப்புறம் ஓட்டு: லேசர் படகில் பாய் பழகிய பதிவு

பாய்மரப் படகு பழக வருகிறவர்களுக்கு இரண்டு பயங்கள் இருக்கும். ஒன்று, படகு கவிழ்ந்துவிடுமோ என்பது. இன்னொன்று, காற்று நம்மை எங்காவது இழுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்பது. கவிழ்வதற்குத் தனிப் பயிற்சியே உண்டு, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். இரண்டாவது பயத்துக்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. பாயை இழுத்துப் பிடித்திருக்கும் கயிற்றை விட்டால் பாய் படபடத்து ஆடும், படகு நின்றுவிடும். என்னோடு சேர்ந்து பழகியவர்களில் இதை முதலிலேயே உடம்பால் உணர்ந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடித்தவர்கள்தான் ரொம்ப நாள் திணறினார்கள். அதனால் ஓட்டுவதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நிறுத்துவதைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

பழகிய இடம் சென்னைத் துறைமுகம். பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து போகும் இடத்தில் சின்னப் பாய்மரப் படகுகளும் ஓடுகின்றன என்பது சென்னையிலேயே பல பேருக்குத் தெரியாது. துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ல் தொடங்கப்பட்டது. துறைமுகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆரம்பித்து வைத்தது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னையில் பயிற்சி நடத்துகிறது. துறைமுகப் பகுதி என்பதால் நுழைவு அனுமதியும் அடையாள அட்டையும் வேண்டும், அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அலைதடுப்புச் சுவருக்கு உள்ளே தண்ணீர் பெரும்பாலும் அடங்கியிருக்கும், காற்று மட்டும் தாராளமாக வரும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

படகு, லேசர். 2019க்குப் பிறகு அதிகாரப்பூர்வமாக ஐஎல்சிஏ என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் கரையில் எல்லோரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். கனடாக்காரரான புரூஸ் கர்பி 1969ல் வரைந்த படகு இது, 1971ல் விற்பனைக்கு வந்தது. நீளம் சுமார் 4.2 மீட்டர், வெறும் உடல் மட்டும் 59 கிலோ. ஒரு ஆள், ஒரு பாய். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதே உடலில் மூன்று அளவுப் பாய்களை மாற்றிக்கொள்ளலாம்: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். அதற்கேற்ப ஐஎல்சிஏ 4, 6, 7 என்று பெயர். எடை குறைந்தவர்களுக்கும் காற்று அதிகமான நாட்களுக்கும் சின்னப் பாய். நடுவில் இருக்கும் 6ஆம் எண் படகுதான் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டுவது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த போட்டியில் தகுதி பெற்று டோக்கியோவுக்குப் போனது இதே வகைப் படகில்தான். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். புதிதாகப் பழகுகிறவருக்கும் ஒலிம்பிக் வீராங்கனைக்கும் அதே படகு, அதே பாய் என்பது எனக்குப் பெரிய உற்சாகமாக இருந்தது.

காற்றைக் கண்டுபிடிப்பது

படகைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்வி: காற்று எங்கிருந்து வருகிறது? பாய் பழகுவதில் பாதி இந்தக் கேள்விதான். தண்ணீரில் போன பிறகும் இதை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

முகத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். இரண்டு காதிலும் காற்றின் சத்தம் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் உங்கள் மூக்கு காற்றை நேராகப் பார்க்கிறது. கொடிகளைப் பார்க்கலாம், புகையைப் பார்க்கலாம். நங்கூரத்தில் நிற்கும் சின்னப் படகுகளும் பெரும்பாலும் மூக்கை, அதாவது முன்முனையை, காற்றுக்கு நேராகத்தான் வைத்திருக்கும், நீரோட்டம் வலுவாக இருந்தால் மட்டும் அதை நம்ப முடியாது. எங்களுக்குப் படகு எடுத்துக் கொடுத்த காசிமேட்டு அண்ணன் இது எதையும் பார்க்க மாட்டார். "தண்ணியப் பாரு தம்பி, அதுலயே எழுதியிருக்கும்" என்பார். உண்மைதான். காற்று வேகமாக அடிக்கும் இடத்தில் நீர்ப்பரப்பு கறுத்து, சின்னச் சின்ன நெளிவுகளாகத் தெரியும். அந்தக் கறுப்புத் திட்டு உங்களை நோக்கி நகர்ந்து வந்தால் சில நொடிகளில் வேகக் காற்று உங்கள் பாயில் அறையும் என்று அர்த்தம். அது வந்து சேர்வதற்குள் தயாராகிவிடலாம். பளபளவென்று கண்ணாடியாகக் கிடக்கும் இடத்தில் காற்று இல்லை.

சென்னைக் கரையில் ஒரே நாளில் காற்று திசை மாறும், இதைத் தெரிந்துகொள்ளாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. கோடையில் காலையில் தரையிலிருந்து மேற்குக் காற்று வரும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேல் உள்ள காற்று எழும்ப, மதியவாக்கில் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் காற்றே இல்லாமல் பாய் தொங்கும். அந்த இடைவேளையில் கரையை விட்டுத் தூரமாக இருந்தால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

தரைக்காற்றிடம் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். கரைக்குப் பக்கத்தில் கட்டிடங்கள் மறைப்பதால் காற்று இல்லாத மாதிரி இருக்கும், தண்ணீரும் அமைதியாகத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போனால்தான் அதன் பலம் புரியும், அப்போது அது உங்களைக் கடல் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். புதியவர்கள் தரைக்காற்றில் துறைமுக வாயைத் தாண்டக் கூடாது என்பதைக் கட்டாயமான விதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் பழக நல்ல காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை அடங்கியிருக்கும், காற்று கிழக்கிலிருந்து ஓரளவு சீராக வரும், வெயிலும் தாங்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை 5 முதல் 10 நாட் காற்று ஆரம்பத்துக்குப் போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். வெள்ளை நுரைத்தலைகள் அங்கங்கே கண்ணில் பட ஆரம்பித்தாலே 10ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். 8 நாட் காற்றில் சுகமாக ஓட்டியவர் 16 நாட் காற்றில் திண்டாடுவதற்குக் காரணம் இதுதான்.

படகைக் கட்டுவது

டிராலியில் படகை வைத்து, மூக்கு காற்றைப் பார்க்கும்படித் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் கட்ட ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் பாய் ஏறியதும் காற்று பிடிக்காமல் கொடி மாதிரி பின்னால் ஆடும்.

லேசரின் பாய்மரம் இரண்டு துண்டு. மேல் துண்டைக் கீழ்த் துண்டில் செருகி, பாயின் முன்விளிம்பில் தைத்திருக்கும் உறைக்குள் மொத்தத்தையும் நுழைக்க வேண்டும். பாயின் பின்விளிம்பை விறைப்பாக வைக்கும் மூன்று பட்டைகளுக்கு அங்கே பைகள் உண்டு, பட்டைகளை இப்போதே செருகிவிடுங்கள். அப்புறம் சுமார் 6 மீட்டர் உயர மரத்தைத் தூக்கித் தளத்தில் இருக்கும் குழிக்குள் நிறுத்த வேண்டும். தூக்குவதற்கு முன்னால் அந்தக் குழிக்குள் கையை விட்டு மணல் இருக்கிறதா என்று பாருங்கள். மரம் ஓட்டத்தில் லேசாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அடியில் மணல் கிடந்தால் அது அரம் வைத்துத் தேய்க்கிற வேலையைச் செய்து குழியை ஓட்டையாக்கிவிடும். அரை நிமிட வேலை, தண்ணீர் ஊற்றி அலசினால் போதும். மேலே மின்கம்பி ஏதும் போகிறதா என்பதையும் நிமிர்ந்து பாருங்கள்.

அப்புறம் பூம், அதாவது பாயின் அடிவிளிம்பை விரித்துப் பிடிக்கும் கிடைக்கம்பு. பாயின் பின்மூலையைப் பூமின் கடைசிக்கு இழுக்கும் கயிறு அவுட்ஹால். பூம் மேலே எழும்பாமல் கீழே பிடிப்பது வாங். பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுப்பது கன்னிங்ஹாம். ஆரம்பத்தில் இந்த மூன்றையும் மிதமாக இழுத்துக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். நாலாவது கயிறுதான் முக்கியம்: மெயின்ஷீட். பூமிலிருந்து கப்பிகள் வழியாக உங்கள் கைக்கு வருவது. பாயை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் இதில்தான். இதன் நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கை நழுவும்போது கயிறு மொத்தமும் கப்பி வழியாக ஓடிவிடும். லேசரின் மரத்தை இழுத்துக் கட்டும் பக்கக் கம்பிகள் கிடையாது என்பதால் பூம் முன்பக்கம் வரைக்கும் சுழன்று போய் நிற்கும், திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

மற்ற முடிச்சுகளில் போலைன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடத் தெரிந்தால் போதும். எவ்வளவு இழுத்தாலும் இறுகாத கண்ணி, வேலை முடிந்ததும் சுலபமாக அவிழும்.

கடைசியாக, படகின் பின்புறத்தில் ஒரு சின்ன வடிகால் துளை. அதன் திருகு மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே தண்ணீரில் இறக்க வேண்டும். கண்ணால் பார்ப்பது போதாது. லைஃப் ஜாக்கெட் கரையிலேயே மாட்டி, எல்லாக் கொக்கியும் பூட்டியிருக்க வேண்டும். நனைந்தாலும் பரவாயில்லை என்ற செருப்பல்லாத காலணி, முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய தொப்பி, தண்ணீர் பாட்டில்.

நிறுத்துவது

தண்ணீரில் முதல் பாடம் இது. காற்று உங்களுக்குப் பக்கவாட்டில், சரியாகத் தோளுக்கு நேராக வரும்படிப் படகைத் திருப்பிவிட்டு, மெயின்ஷீட்டை முழுசாக விட்டுவிடுங்கள். பூம் காற்று போகும் பக்கமாகத் தள்ளிப் போய் நிற்கும், பாய் படபடவென்று அடிக்கும். சத்தம் பெரிதாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். அந்தச் சத்தத்துக்குப் பாயில் விசை இல்லை என்றுதான் அர்த்தம். படகு வேகம் குறைந்து, நின்று, மெதுவாகப் பக்கவாட்டில் மிதக்கும். இதுதான் ஓய்வு நிலை. மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க, யோசிக்க, எப்போது வேண்டுமானாலும் இங்கே வந்துவிடலாம்.

முதன்முதலாக வேகக் காற்று அடித்துப் படகு சாய்ந்தபோது காசிமேட்டு அண்ணன் பக்கத்துப் படகிலிருந்து கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "கயித்த வுடு தம்பி, அதுவா நின்னுக்கும்!" மனசுக்கு இது நேர் எதிராகப் படும். சாயும்போது எதையாவது இறுக்கிப் பிடிக்கத்தான் கை துடிக்கும், கையில் இருப்பதோ அந்தக் கயிறு. இறுக்கினால் இன்னும் சாயும். விடுவதைக் கை தானாகச் செய்ய ஆரம்பிக்கும் வரைக்கும் இதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்வது நல்லது: கொஞ்சம் இழு, படகு நகரட்டும், விடு, நிற்கட்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடும்போது பாய் ஏற்கெனவே முழுக்க வெளியேதான் இருக்கும். அப்போது கயிற்றை விட்டாலும் படகு நிற்காது. முதலில் படகைத் திருப்பி, காற்றைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம்தான் விட முடியும்.

ஓட்டுவது

ஓய்வு நிலையிலிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பாயின் முன்விளிம்பில் படபடப்பு அடங்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். படகு நகர ஆரம்பித்துவிடும். நிறையப் பேர் வேகம் வேண்டும் என்று இன்னும் இழுப்பார்கள். அப்போது பாயைச் சுற்றிக் காற்று ஒழுங்காக வழியாமல் வேகம் குறையும், சாய்வுதான் கூடும். சந்தேகமாக இருந்தால் விட்டுப் பாருங்கள், படபடத்தால் ஒரு பிடி இழுங்கள்.

காற்று பக்கத்திலிருந்து தள்ளினால் படகு ஏன் பக்கவாட்டில் போகாமல் முன்னால் போகிறது? நடுவில் செருகியிருக்கும் டாகர்போர்டு என்ற பலகைதான் காரணம். அது தண்ணீருக்குள் செங்குத்தாக நின்று பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. பாய் ஒரு பக்கம் தள்ள, பலகை மறுபக்கம் தடுக்க, படகுக்கு முன்னால் போவதைத் தவிர வழியில்லை. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் முன்னால் பீய்ச்சிக்கொண்டு போகுமே, அதே சங்கதிதான்.

திசைகளை இப்படி மனதில் வைத்துக்கொண்டேன். காற்றுக்கு நேர் எதிராக, இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரிக்குள் எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது, பாய் படபடக்கும். அந்த எல்லையை ஒட்டிப் போகும்போது பாயை நன்றாக உள்ளே இழுத்திருக்க வேண்டும், டாகர்போர்டு முழுக்கக் கீழே. காற்று பக்கவாட்டில் என்றால் பாய் பாதி வெளியே. ஓட்டச் சுலபமான திசை இதுதான், வேகமும் நன்றாகக் கிடைக்கும். காற்று முதுகில் என்றால் பாய் முழுக்க வெளியே. கேட்பதற்கு இது சாதுவாகத் தெரிந்தாலும் லேசரில் அதிகம் ஆட்டம் காட்டுவது இந்தத் திசைதான். பாய் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதால் படகு இரண்டு பக்கமும் உருளும். ஆரம்பத்தில் நேர் முதுகுக் காற்றைத் தவிர்த்து, கொஞ்சம் சாய்த்தே வாருங்கள்.

சுக்கானைத் திருப்பும் கம்பு டில்லர். அதைத் தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் படகு திரும்பும். பாய் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், உங்கள் பக்கமாக இழுத்தால் காற்றை விட்டு விலகும். இடம், வலம் என்று யோசிப்பதைவிட இப்படி யோசித்தால் குழப்பம் வராது. படகு சாய்ந்து ஓடினால் தானாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், டில்லர் கையைப் பிடுங்கும். அப்போது டில்லரோடு மல்லுக்கட்டாமல் பாயைக் கொஞ்சம் விட்டு, உடம்பை வெளியே சாய்த்துப் படகைச் சமமாக்குங்கள். டில்லர் தானாக லேசாகிவிடும்.

பாயில் நூல் ஒட்டியது எனக்கு நிறைய உதவியது. பழைய ஆடியோ கேசட் நாடாவில் ஒரு சாண் நீளத் துண்டுகள் எடுத்து, பாயின் இரண்டு பக்கமும், மரத்திலிருந்து முழங்கை நீளம் தள்ளி, பாய் ஒட்டும் டேப்பால் ஒட்டினேன். தையல் வரிக்குப் பக்கத்தில் ஒட்டக் கூடாது, நுனி அதில் மாட்டிக்கொள்ளும். கம்பளி நூலும் ஒட்டலாம், ஆனால் நனைந்தால் பாயோடு ஒட்டிக்கொள்கிறது. காற்றை எதிர்த்துப் போகும்போது இரண்டு பக்க நாடாவும் பின்னால் நேராக ஓடினால் எல்லாம் சரி. எந்தப் பக்கத்து நாடா துள்ளுகிறதோ அந்தப் பக்கமாக டில்லரை லேசாக நகர்த்துங்கள், அடங்கிவிடும்.

காற்றுக்கு ஊடாகத் திரும்புவது

காற்றுக்கு எதிர்த்திசையில் போக வேண்டுமானால் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் படகின் மூக்கு காற்றைக் கடக்கும். இதற்கு டாக்கிங் என்று பெயர். லேசரில் இது முழுக்கக் கைகால் வேலை, அதனால் ஒவ்வொரு அசைவாக எழுதுகிறேன்.

வலது விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். படகின் மூக்கு என் வலப்பக்கம், டில்லர் இடது கையில், கயிறு வலது கையில். முதலில் படகுக்கு வேகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், வேகமில்லாமல் திரும்பினால் பாதியில் நிற்கும். போகப்போகும் பக்கத்தில் வேறு படகு இல்லையே என்று தோளுக்குப் பின்னால் பார்க்கிறேன். டில்லரை என்னிடமிருந்து மெதுவாகத் தள்ளி, அப்படியே வைத்திருக்கிறேன். மூக்கு காற்றை நோக்கித் திரும்பும், பாய் படபடக்கும், பூம் நடுவுக்கு வரும். தலையைக் குனிந்து, முகம் படகின் மூக்குப் பக்கமாக இருக்கும்படியே குறுக்கே கடந்து இடது விளிம்பில் உட்காருகிறேன். இப்போது இடது கை முதுகுக்குப் பின்னால் டில்லரைப் பிடித்திருக்கும், விசித்திரமாகத்தான் இருக்கும். கவலை வேண்டாம். டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்து படகை நேராக்கிய பிறகு, கயிற்றோடு வலது கையைப் பின்னால் கொண்டுபோய் டில்லரைப் பிடிக்கிறேன். இடது கை விடுபட்டு முன்னால் வந்து கயிற்றை வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்து, நேராக்கி, அப்புறம்தான் கை மாற்றுவது. இந்த வரிசை மாறினால் கயிறும் கையும் சிக்கும்.

கரையில் ஒரு பெஞ்சும் துடைப்பக் கட்டையும் வைத்து இதைப் பழகலாம். தண்ணீரில் பத்து முறை செய்வதைவிட வீட்டு வராந்தாவில் நூறு முறை செய்வது சுலபம், கால் எங்கே போக வேண்டும் என்பது பதிந்துவிடும்.

பாதியில் மூக்கு காற்றுக்கு நேராக நின்றுவிட்டால் படகு பின்னால் நகர ஆரம்பிக்கும். அப்போது பூமைக் கையால் ஒரு பக்கம் வெளியே தள்ளிப் பிடித்து, டில்லரையும் அதே பக்கமாகத் தள்ளுங்கள். படகு பின்வாங்கியபடியே திரும்பிக் காற்றைப் பக்கவாட்டில் வாங்கும். பிறகு கயிற்றை இழுத்தால் கிளம்பிவிடலாம்.

பின்புறம் காற்றைக் கடப்பது

இன்னொரு திருப்பம், படகின் பின்புறம் காற்றைக் கடப்பது: ஜைபிங். டாக்கிங்கில் பாய் படபடத்துச் சாவகாசமாக மாறும். இதில் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் போகும், பூம் தலையில் பட்டால் ஆபத்து. அதனால் தலையைக் குனிவதில் சமரசமே கூடாது.

லேசருக்கு இதில் ஒரு தனிக் குணம் உண்டு. பூம் கடக்கும் அந்த நொடியில் தொய்ந்து தொங்கும் மெயின்ஷீட், படகின் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் பாயை வெளியே விட முடியாது, படகு சுழன்று கவிழும். இதற்கு வழி: டில்லரை உங்கள் பக்கமாக இழுத்துத் திரும்பிக்கொண்டே, கயிற்றை ஒரு கை நீளம் உள்ளே இழுங்கள். பாய் கடக்கத் துடிக்கும்போது கயிற்றைச் சுண்டி மேலே ஒரு வெட்டு வெட்டுங்கள். கயிற்றின் தொய்வு அலையாக எழும்பி மூலையைத் தாண்டிவிடும். பூம் கடந்ததும் உடனே டில்லரை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் படகு தொடர்ந்து திரும்பிச் சாயும். டாகர்போர்டை ரொம்பத் தூக்கி வைத்திருந்தால் வாங் அதில் இடிக்கும், கவனம். காற்று கூடுதலாக இருக்கும் நாளில் ஜைபிங் செய்யாமல் எதிர்ப்பக்கமாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றி டாக்கிங் செய்தும் அதே இடத்துக்கு வரலாம். அதில் தவறே இல்லை, நான் இன்னும் செய்கிறேன்.

கவிழ்த்துப் பழகுவது

இதை வேண்டுமென்றே, இளங்காற்றில், பக்கத்தில் மீட்புப் படகு இருக்கும்போது செய்ய வேண்டும். பயிற்சியில் இது கட்டாயம், கட்டாயமாக்காத இடத்தில் நீங்களே கேளுங்கள்.

படகு பக்கவாட்டில் படுத்ததும் முதல் விதி: படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். காற்று படகை நம் நீச்சலைவிட வேகமாகத் தள்ளும். கையில் மெயின்ஷீட்டைப் பிடித்துக்கொண்டே சுற்றி அடிப்பக்கத்துக்கு வாருங்கள். டாகர்போர்டு முழுக்க வெளியே நீட்டியிருக்கிறதா, மெயின்ஷீட் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பாய் காற்று வரும் பக்கமாகக் கிடந்தால் கொஞ்சம் பொறுங்கள். படகின் மூக்கு மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பட்டும், இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் காற்று பாய்க்கு அடியில் புகுந்து மறுபக்கம் உங்கள் மேலேயே கவிழ்க்கும். அப்புறம் பலகையில் ஏறி, படகின் உடலை ஒட்டி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பலகையின் நுனியில் நின்றால் நெம்புவிசை கூடுதலாகக் கிடைக்கும், பலகை உடையவும் செய்யும். சில நொடிகள் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பாயிலிருந்து தண்ணீர் வழிய வழிய மரம் மெதுவாக எழும்பும், அப்புறம் சட்டென்று நிமிரும். நிமிரும்போதே ஒரு காலைத் தளத்துக்குள் போட்டுவிட்டால் மறுபடி ஏறும் வேலை மிச்சம். உள்ளே தேங்கிய தண்ணீர் தளத்தில் இருக்கும் பெய்லர் என்ற வடிகால் வழியாக, ஓட ஆரம்பித்ததும் தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறும்.

மரம் நேர் கீழாகத் தலைகீழாகிவிட்டால் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். விளிம்பில் நின்று, பலகையின் நுனியைக் கையால் பிடித்துப் பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தால் பக்கவாட்டு நிலைக்கு வரும். ஆழம் குறைந்த இடத்தில் மரநுனி சேற்றில் குத்தியிருக்கலாம். அப்போது முரட்டுத்தனமாக இழுக்காமல் மீட்புப் படகைக் கூப்பிடுங்கள், மரம் வளைந்துவிடும்.

யாருக்கு யார் வழி விடுவது

இரண்டு பாய்மரப் படகுகள் நேருக்கு நேர் வந்தால், காற்றை வலப்பக்கத்தில் வாங்கும் படகுக்கு முன்னுரிமை. இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால் காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். முந்துகிறவர் ஒதுங்கிப் போக வேண்டும். துறைமுகத்தில் இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பெரிய கப்பலுக்கும் அதை இழுக்கும் டக் படகுக்கும் எப்போதும் தூரமாகவே விலகிவிடுங்கள். கப்பலால் உங்களுக்காகத் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. கட்டி நிற்கும் உயரமான கப்பல் காற்றை மறைக்கும் பக்கமும் ஒரு பொறி. அங்கே காற்று செத்துக் கிடக்கும், ஓரத்தைத் தாண்டியதும் திடீரென்று முழு வேகத்தில் அறையும். ஓரம் வருவதற்கு முன்பே கயிற்றைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கரையேறிய பிறகு

கரையை நெருங்கும்போது கயிற்றைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, ஆழம் குறைவதற்குள் டாகர்போர்டையும் சுக்கானையும் தூக்கிவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், கப்பிகளுக்குள் குறிப்பாக. உப்பு காய்ந்தால் உருளை சுற்றாது. பாயை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், வெயிலில் விட்டுவிடாதீர்கள். கயிற்று நுனி பிரிந்திருந்தால் லைட்டரால் உருக்கி ஒட்டிவிடலாம், உருகிய நுனியை விரலால் தொடாமல் ஈரத்துணியால் உருட்டுங்கள்.

வடிகால் மூடியைத் திறந்து மூக்கைத் தூக்கினால் உடலுக்குள் புகுந்த தண்ணீர் கொட்டும். ஒரு டம்ளர் என்றால் சகஜம். எங்கள் படகில் வாளிக் கணக்கில் வர ஆரம்பித்தபோது கசிவைத் தேடினோம். முதலில் மரக்குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுப் பார்த்தோம். மட்டம் இறங்கவில்லை, அப்படியானால் குழி நன்றாக இருக்கிறது. அடுத்து வடிகால் துளையில் ஒரு குழாயை வைத்து வாயால் ஊதிக்கொண்டே, தளமும் உடலும் சேரும் இணைப்பு முழுக்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினோம். கம்ப்ரெஸர் வைக்கவே கூடாது, இணைப்பே பிளந்துவிடும். கடைசியில் பெய்லரைச் சுற்றித்தான் குமிழ் வந்தது. அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, கடலுக்கு ஏற்ற சீலண்ட் தடவித் திரும்ப மாட்டினோம். திருகுகளை முதலில் பாதி முடுக்கி, சீலண்ட் இறுகிய பிறகு மீதியை முடுக்க வேண்டும், ஒரேயடியாக இறுக்கினால் பசை மொத்தமும் பிதுங்கி வெளியே வந்துவிடும். இப்போது மூக்கைத் தூக்கினால் சில சொட்டுகள்தான் விழுகின்றன.